செவ்வாய், ஏழு பத்து

வண்ணார்பேட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
பச்சைத் துணி, இரண்டு விளக்கு,
கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் நின்றால்தான் ஒளிபரப்பு.
கேமராவுக்குத் தெரிகிற வரை பட்டு,
அதற்குக் கீழே காலேஜுக்குப் போட்ட சுடிதார் பேன்ட்.

"வணக்கம், யார் பேசுறீங்க?
முதல்ல உங்க டிவி சத்தத்தைக் குறைங்க."
இந்த இரண்டு வரிக்கு மாசம் நாலாயிரம்.
சர்ச்சில் அத்தைமார் பார்த்த பார்வை இலவசம்.

செவ்வாய் ஏழு பத்துக்கு ஒருத்தர் கூப்பிடுவார்.
பாபநாசம் டிப்போ மெக்கானிக்,
சிவனணைந்தபெருமாள்.
பேரைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுவிடலாம்.
எப்போதும் அதே பாட்டு, மனைவிக்கு.
"பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க."
"வெக்கப்படுதா."

இருபத்தொன்பதில் சென்னையில் ஒருவன்
என் முகம் ஸ்கிரீனுக்குக் கொஞ்சம் பழசு என்றான்.
முகத்தை வெளியே விட்டுவிட்டு
குரலோடு மட்டும் கன்ட்ரோல் ரூமுக்குள் போனேன்.
இப்போது நான் சொன்னால்தான்
மூன்று நடுவர்களுக்கும் கண் கலங்கும்.
டைட்டில் கடைசியில் வேகமாக ஓடும் எழுத்தில்
தயாரிப்பு: ஹெப்சிபா தங்கையா.
அம்மா இன்னும் அதைப் படித்து முடித்ததில்லை.

போன மாசம் சமாதானபுரத்தில் கல்யாண மண்டபம் பிடித்து
குரல் தேர்வு.
டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
உலகம்மை, பதினாறு வயசு,
நன்றாகப் பாடினாள்; அது போதாது.
ரிசர்ச் பையன் தாளில் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்:
'அம்மா, கைக்குழந்தையிலேயே விட்டுட்டுப் போனவங்க.
அப்பா டிப்போவில்.'

மானிட்டரில் அந்த அப்பா.
சட்டையில் கிரீஸ் இல்லை, புதுச் சட்டை,
மடிப்புக் கோடு அப்படியே நிற்கிறது.
பேரைப் பார்த்தேன். அத்தனை நீளம்.

அப்படியென்றால் அந்த மூன்று வருஷமும்
பக்கத்தில் யார் வெட்கப்பட்டது?

மைக்கை அழுத்தினேன்.
"ஐயா, உங்க வீட்டம்மாவைப் பத்தி
ஒரு வார்த்தை சொல்லுங்க."
அவர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்.
நடுவர்களைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.
பிறகு சிரித்தார்.
"சத்தத்தக் கொறச்சிட்டேம்மா.
இப்பக் கேளுங்க."

குளோசப் என்றேன்.
கேமராமேன் அதற்கு முன்பே போயிருந்தான்.

நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.
அவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று
யாருக்கும் தெரியாது.
என் கேள்வி அதில் இல்லை.
எடிட்டில் வெட்டச் சொன்னது நான்தான்.