சுமைகூலி

பெட்டியின் மேல் சிரித்த குடும்பத்துக்கு
முகம் முழுக்க வெளிச்சம்.
எங்களுக்கு அன்று நான்காம் கட்ட மின்வெட்டு.
மெழுகுவத்தியைச் சாய்த்துப் பிடித்து
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்:
'உகந்த காற்றில்.'

சாப்பாட்டுத் தட்டளவு காற்றாடி.
மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்ட்.
எதிர்வீட்டு நொம்வுலாவிடம் இரவல் வாங்கிய ஏணியில் நின்று
தவநேசன் அதைக் கூரை விளிம்பில் முடுக்கினார்.
ஏணியைப் பிடித்திருந்தவள் நான்.
கணக்கையும் நான்தான் பிடிப்பேன் என்பதை
அவர் அப்போது யோசிக்கவில்லை.

தேங்காய் உடைத்தார்.
ஏற்றிய கற்பூரம் மூன்று முறை அணைந்தது.
அதன்பிறகு அப்படியொரு உகந்த காற்று
இந்தப் பக்கம் வரவில்லை.

டயர்க் கடையில் பதினொரு வருஷமாய்ப் பேரேடு எழுதுகிறேன்.
வராக்கடன் எப்படி உள்ளே வரும் என்று தெரியும்:
புதுச்சட்டை போட்டுக்கொண்டு,
கை குலுக்கிக்கொண்டு.

சில்வர்க்ளென் மேட்டில் காற்றுக்கா பஞ்சம்?
துணி காயும் கயிற்றைக் கேளுங்கள்.
ஆனால் எங்கள் கூரைக்கு வரும் காற்று
பக்கத்துச் சுவரில் முட்டி
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி
வழி விசாரித்து வந்து சேரும்போது
இது வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும்.
திரும்பும்.
அதற்குள் அது போயிருக்கும்.

கடையிலிருந்து ஒரு மீட்டர் கொண்டுவந்து
முப்பது நாள் குறித்தேன், பால் கணக்குப் போல.
அடித்த நாளும் அடிக்காத நாளும் கூட்டி வகுத்தால்
நாளுக்கு ஆறு வாட்-மணி.
ஒரு போனின் பசிக்கு மூன்று நாள் உழைப்பு.
அதிலும் ஐந்தில் ஒரு பங்கை
'நான் வேலை செய்கிறேன்' என்று சிமிட்டும்
நீல விளக்கே தின்றுவிடுகிறது.
(கடையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.)

விளக்கை மன்னித்தே கணக்குப் போட்டேன்.
யூனிட் மூன்று ராண்ட்.
போட்ட காசு திரும்ப
ஐந்நூற்று முப்பத்திரண்டு வருஷம்.
உத்தரவாதம்: ஒரு வருஷம்.

சென்னையிலிருந்து கப்பலில் வந்து
டர்பன் மணலில் கால்வைத்த எங்கள் முதல் ஆள்
அன்று மாலையே கரும்புக்காட்டுக் கொட்டகையில்
இதை மாட்டியிருந்தால்
இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குகூட அடைந்திருக்காது.
அவர் கையெழுத்து வைத்தது ஐந்து வருஷத்துக்கு.
அது இழுத்தது, நீண்டது,
ஆனாலும் ஒருநாள் முடிந்தது.

'எல்லாத்தையும் ராண்டுலதான் அளப்பியா?'
'பேரேட்டுல வேற பத்தி இல்லையே.'

வெயிலோடு எனக்குச் சண்டையில்லை.
நொம்வுலா நான்கு வருஷம் ஸ்டோக்வெல் சீட்டுக் கட்டி
இரண்டு தகடு வாங்கினாள், ஒரு பெட்டி மின்கலம்.
யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.
தெருவே இருண்டு கிடக்கும் இரவில்
அவள் குளிர்பெட்டி மட்டும் முனகுகிறது.

நானும் ஒன்று வாங்கினேன்,
நானூற்றெண்பது ராண்டுக்கு ஒரு போர்வை.
கூரைக்கடியில், எலிப்புழுக்கை நடுவே,
முழங்காலால் ஊர்ந்துபோய்
கீசருக்குச் சுற்றினேன்.
நாளுக்கு ஒரு யூனிட் மிச்சம்.
ஆறு மாதம் முடியுமுன் காசு வீடு திரும்பியது.
ஞாயிற்றுக்கிழமை பியரோடு வந்த ரூபன் மூட்லியும் மற்றவர்களும்
அண்ணாந்து காற்றாடியைத்தான் படமெடுத்தார்கள்.
சுற்றாத, மின்னாத,
இருட்டில் போர்த்திக் கிடக்கும் ஒன்றுக்கு
யார் தேங்காய் உடைப்பார்கள்?

ஆகஸ்டில் குரங்குகள் வந்தன.
பெரியது ஒன்று மூன்று இறக்கையில் ஒன்றைப் பிய்த்து
கடித்துப் பார்த்து
நொம்வுலா வீட்டுப் பக்கம் வீசிவிட்டுப் போனது.
அந்த வாரமும் அளந்தேன்.
மீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை.

தவநேசன் போனில் தேடிப் பிடித்தார்:
புது இறக்கை நூற்றிருபது ராண்ட்.
அனுப்பும் கூலி முந்நூற்றறுபது.

'சுண்டைக்காய்' என்றேன்.

ஒன்றும் சொல்லாமல்
ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு
திருப்பிக் கொடுக்கப் போனார்.