ஏப்ரல் மாதக் கேக்

சுப்பர்மார்க்கெட்டின் பின்மூலையில்
தனிக் கண்ணாடிக் கதவு, தனிக் காசுமேசை.
சாராயப் போத்தலை வைத்ததும்
பில் போடுகிற பொடியன் கேட்டான்:
“கேக்குக்கோ, அக்கா?”
ஏப்ரலில் யார் கேக் போடுகிறார்கள்?
ஆனாலும் தலையாட்டினேன்.
“ஓம், கேக்குக்குத்தான்.”
பிறந்த பிள்ளையைத் துவாயில் சுற்றுவதுபோல
பழைய பேப்பரில் சுற்றித் தந்தான்.

வெள்ளவத்தையில் காற்று செத்து ஆறு நாள்.
கடல் ஒரு வீதி தள்ளித்தான் கிடக்கிறது,
ஒரு மூச்சும் விடாமல்.
ஐந்தாம் மாடியில் என் குசினித் தரை
வெறுங்காலைச் சுடுகிறது.
கரையோர ரயில் போகும்போது மட்டும்
ஜன்னல் சீலை ஒருதரம் அசைந்து
பிறகு அதுவும் களைத்துவிடுகிறது.

நேற்றிரவே தொடங்கிய வேலை இது.
பதினாலு கொடித்தோடம்பழம்.
சுருங்கினதாய்ப் பார்த்து எடுக்கவேணும்,
வழுவழுப்பு ஏமாற்றும்.
கரண்டியால் வழித்து, பாதி விதையை விட்டு,
ஐஸ் தட்டில் ஊற்றி
பாரைமீன் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மீன் மணம் ஏறாமலிருக்க
ஒரு பொலித்தீன், அதன்மேல் இன்னொரு பொலித்தீன்,
அதன்மேல் ஒரு நேர்த்தி.
காலையில் கட்டி கட்டியாய்
மஞ்சளுக்குள் கறுப்பு விதை.
தவளைமுட்டை என்றாள் மெலனி.

மெலனி மூன்றாம் மாடி.
வரும்போதே ஒரு முறைப்பாட்டோடு வருவாள்.
இன்றைக்கு லிஃப்ட்.
ரிஸ்மியா எதிர்வீடு, குடிக்கமாட்டாள்.
“உங்கட கதைக்கு வரல்ல,
ஐஸுக்கு வந்தன்” என்றாள்.
அவளுக்குத்தான் முதல் அரைப்பு,
போத்தலின் மூடி திறபடுமுன்,
கழுவித் துடைத்த பிளெண்டரில்:
தேசிக்காய், சீனிப்பாணி, கொடித்தோடைக் கட்டி.
கிளாஸ் விளிம்புக்கு உப்பும் கொச்சிக்காய்த்தூளும்,
காலிமுகத்திடலில் அம்பரெல்லாவுக்குத் தூவுகிறார்களே, அது.
ஒரு வாய் குடித்து
நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.
“அல்லாஹ், மூளை விறைச்சிட்டு.”

பிறகு எங்கள் முறை.
சாராயம் அளந்தது முட்டைக் கோப்பையால்,
வீட்டில் வேறு அளவை இல்லை.
ஆளுக்கு இரண்டு.
மெலனி தன் கையால் இன்னுமொரு அரை.
எவ்வளவு நேரம் ஃபிரீசரில் வைத்தாலும் அது உறையாது,
கொஞ்சம் தடித்து,
கோபத்தை அடக்கின ஆளாய் வெளியே வரும்.
அதைக் கிளாஸில் காக்கவைத்து
ஐஸைப் போட்டு, மூடியை அமத்தி,
பொத்தானைத் தட்டினேன்.
குசினிக்குள் ஒரு கருங்கல் லொறி.
இரண்டு சுற்று.
கறண்ட் போனது.

மேல்மாடியில் யாரோ தூஷணம் சொன்னது
மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.
பிளெண்டருக்குள் பாதி உடைந்த ஐஸ்.
பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர்.
ரிஸ்மியாதான் எழும்பினாள்.
துவாயை விரித்து, ஐஸைக் கொட்டி, முடிந்து,
ரொட்டிக்கட்டையால் அடித்தாள்.
அப்படி ஓர் அடி.
மேசையில் கரண்டிகள் துள்ளின.
போன மாதம்தான்
அவள் வீட்டுக் கதவுப் பலகையில்
ஒரு பெயர் குறைந்திருந்தது.
போதும் என்று நாங்கள் சொல்லவில்லை.

கரடுமுரடாய்த்தான் வந்தது,
சில இடம் மணல், சில இடம் கல்.
கடித்துத்தான் குடிக்கவேண்டியிருந்தது.
பல்லில் விதை நொறுங்க,
குளிரும் காரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு
தொண்டையால் இறங்க,
முதுகில் வழிந்த வியர்வை
கொஞ்ச நேரம் போகும் வழி மறந்து நின்றது.
பல்கனியில், இருட்டில்,
கால்களைக் கம்பிமேல் போட்டுக்கொண்டு இருந்தோம்.
ரிஸ்மியா ஈரத் துவாயைத்
தோளில் போட்டிருந்தாள்.
கறண்ட் எப்போது வந்ததென்று
நாங்கள் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பப் போனேன்,
தேசிக்காய் வாங்கத்தான்.
அதே பொடியன் இப்போது மரக்கறித் தராசில்.
“கேக் எப்படி வந்தது, அக்கா?”
“உருகிட்டுது, தம்பி.”
உண்மையிலேயே கவலைப்பட்டான்.
தேசிக்காயை நிறுத்து, முடிந்து, நீட்டிவிட்டு
மெல்லச் சொன்னான்:
“அடுத்தமுறை
கொஞ்சம் மா கூடப் போடுங்கோ.”