மூவாயிரம் மீட்டருக்குக் கீழே

நான்காம் நாள் படங்கள் எங்கே என்று
லா பாஸ் அலுவலகம் கேட்கிறது.
கடிதத்தில் என் பெயரும் இருக்கிறது:
ஓட்டுநர் நிக்கானோர் பெர்னா, விளக்கம் தருக.

தருகிறேன்.

இக்கிக்கே துறைமுகத்தில், வரியில்லாக் கடையில்
எவுலோகியா பேரம் பேசி வாங்கிய பெட்டி அது.
சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
ஓரத்தில் ஒரு வாய்.
கேமரா அட்டையைச் செருகினால் படங்களை விழுங்கும்.
உள்ளே எண்பது ஜிகாபைட் இருட்டு.

சிவப்பு ஏரிக்கரையில் முதல் இரவு
பச்சைக் கோடு நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது.
டிக். டிக். டிக்.
பூட்டிய வீட்டுக்குள் யாரோ
சாவி தேடுவதுபோல.

குளிர்தான் என்றாள்.
லாமாக் கம்பளியில் சுற்றினாள்,
அடுப்போரம் வைத்தாள்,
தன் காலுறைக்குள் திணித்துக்கொண்டு படுத்தாள்.
இரண்டாம் இரவு முப்பத்தெட்டு.

மூன்றாம் நாள் காலையில்
யாரும் படிக்காத அந்தக் காகிதத்தை விரித்தோம்.
மடிப்பு விழுந்த இடத்தில் பொடி எழுத்து:
மூவாயிரம் மீட்டருக்கு மேல் இயக்க வேண்டாம்.

உள்ளே ஒரு தட்டு சுழல்கிறதாம்.
அதன்மேல் ஒரு முனை,
தொட்டும் தொடாமலும்கூட இல்லை, தொடாமலே,
காற்றில் மிதந்து எழுதுகிறதாம்.
நாங்கள் நின்றதோ நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
மனிதனுக்கே கடன் வாங்கித்தான் மூச்சு.

“மலைநோய் கண்டிருக்கு,
கோகா இலை குடுத்துப் பாரு” என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
நாலு அட்டையும் நிறைந்திருந்தது.
மறுநாள்தான் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டுகிற நாள்.

ஆகவே நான் இறங்கினேன்.
பறவைகள் சட்டைப்பையில், பெட்டி பக்கத்து இருக்கையில்,
அதற்கும் பெல்ட் போட்டேன்.
துப்பீசாவில் என் தங்கை ஏர்மினியாவின் சமையலறை
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த மேசையிலேயே
பெட்டியை வைத்தேன்.
டிக் இல்லை.
ஒரு நீண்ட ரீங்காரம்.
நூறு.

அப்புறம் அது ஒரு கேள்வி கேட்டது:
நகல் முடிந்தது. அட்டையை அழிக்கவா?

ஐயா, பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன்.
ஸ்டெப்னி இருக்கிறதே என்று
ஓடுகிற சக்கரத்தைக் கழற்றி எறிந்ததில்லை.
“இல்லைன்னு அழுத்தித் தொலை, சூப் ஆறுது”
என்றாள் தங்கை.
நாலு தடவை கேட்டது.
நாலு தடவையும் இல்லை.

இரவெல்லாம் ஏறி விடியலில் வந்து சேர்ந்தேன்.
கெத்தேனா ஊர்ச் சனம் கயிறு பிடித்து
அரைவட்டமாக உப்புத்தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தது.
சாம்பல் நிறக் குஞ்சுகள், அந்தக் கால்களை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல், ஓடிவந்தன.
எவுலோகியா அட்டையைச் செருகினாள்.
நிறைந்தது, என்றது கேமரா.

“அழிக்கலையா?”
“நீயே பார்த்துட்டு அழிக்கட்டும்னு...”

பெட்டியை அழுத்தினாள்.
டிக். டிக்.
என்னைப் பார்த்தாள்.
“எல்லாம் ஏறிடுச்சா? நீ கண்ணால பார்த்தியா?”

நூறைப் பார்த்தேன்.
படங்களைப் பார்க்கவில்லை.
சூப் குடிக்கப் போய்விட்டேன்.
அதைத்தான் சொன்னேன்.

கட்டைவிரல் அழிப்புப் பொத்தான்மேல்
எவ்வளவு நேரம் இருந்ததென்று தெரியாது.
மூன்று நாள் பூநாரைகள் ஒரு பக்கம்,
என் வாய்வார்த்தை ஒரு பக்கம்.
பிறகு கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு
பென்சிலோடு தண்ணீரில் இறங்கினாள்.

நான்காம் நாளுக்குப் படம் இல்லை.
கணக்கு உண்டு:
அறுநூற்றுப் பதினேழு வளையங்கள்.
ஒன்று அவள் விரலைக் கொத்தியது,
நோட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம் பழுப்பாக இருக்கும்.

பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன்.
அங்கே திறக்காதீர்கள்.
உங்கள் நாற்காலியும்
மூவாயிரத்து அறுநூற்றில்தான் இருக்கிறது.