புறப்பொருள்

துறைமுகம் சந்திப்பில் இறங்கி
மீன் வண்டிகளுக்குப் பின்னால் நடந்தால் ஏழு நிமிஷம்.
நகராட்சி மாநகராட்சி ஆனதில்
பதிவறைக்குப் பலகை மாறியது, பூட்டு மாறவில்லை.
உள்ளே மின்விசிறி போடக் கூடாது:
காற்றுப் பட்டால் பக்கம் உதிரும்.
நாளைக்கு நானூறு பக்கம், பக்கத்துக்கு எழுபது காசு.
படிப்பது என் வேலை இல்லை
என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

தானே புயலில் கூரை போனது.
அப்புறம் வந்த வெள்ளத்தில் கீழ்த்தட்டு போனது.
மிச்சத்தில் பாதி
நமுத்த அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது.
கத்தி நுழையும் இடத்தில் திறக்கிறோம்,
நுழையாததைச் "சேதம்" என்ற கட்டத்தில் எழுதுகிறோம்.

முதல் வாரம் மணல் விழுந்தபோது
என் செருப்பிலிருந்து என்றுதான் நினைத்தேன்.
இந்த ஊரில் மணல்
சோற்றிலும் வரும், தலையணை உறையிலும் வரும்.
ஆனால் இது ஸ்கேனர் கண்ணாடியில்,
கரகரவென்று,
பக்கம் புரட்டும்போதெல்லாம்.

ரபேக்காள் சொன்னாள்:
அப்போது மை காய மணல் தூவுவார்களாம்,
பிறகு தட்டிவிடுவார்களாம்.
தட்டினாலும் தையலோரம் கொஞ்சம் தங்கிவிடும்.
கடல் கூப்பிடும் தூரத்தில்
நூற்றைம்பது வருஷமாக
மழை அறியாத ஒரு பாலைவனம்
நூல்கட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சுங்கம், படகு வரி, கடலைமூட்டை கணக்கில்
ஒரு சிட்டிகைதான்.
பதிவேடு நாற்பத்தொன்று, மரணம், தாது வருஷம்:
திறந்ததும் மடியில் கொட்டியது.

கணக்கர் தில்லைநாயகத்தின் கை.
மார்கழி வரைக்கும் முத்து முத்தாக,
பக்கத்துக்குப் பதினெட்டு வரி,
ஓரத்தில் கோடுகூடப் போட்டிருக்கிறார்.
பங்குனியில் கோடு இல்லை.
நாற்பது வரி. எழுத்து சாய்கிறது, சரிகிறது,
ஒன்று காயுமுன் அடுத்தது வந்து நிற்க
அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார் மணலை,
ஆளுக்கு ஒரு பிடி.

*பெண சுமார 30 உபபனாறறஙகரை பேர தெரியாது*
*ஆண பிளளை 4 சாவடி வாசல பேர தெரியாது*
மேற்படி.
மேற்படி.
மேற்படி.

படிக்கக் கூடாததைப் படித்ததில்
அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்தான்.
எண்பத்தெட்டுக்குக் காசு பிடித்தார்கள்.

மேற்பார்வையாளர் கலீபுல்லாவிடம் கேட்டேன்,
மணலை என்ன செய்வது.
படிவத்தைத் திருப்பிக் காட்டினார்:
"புறப்பொருள்" என்று ஒரு கட்டம்,
எதிரே "நீக்கப்பட்டது" என்று அச்சடித்தே வந்திருக்கிறது.
டிக் போட்டால் போதுமாம்.
மறுநாள் காலை என் மேசையில்
காலி ஹோமியோபதி புட்டி ஒன்று இருந்தது,
கழுவி, கவிழ்த்து, காயவைத்து.
அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும் டிக் போட்டுவிட்டேன்.

புட்டி முக்கால் நிறைந்திருக்கிறது.
அதற்குப் பதிவு எண் கிடையாது.
ஓட்டை விழுந்த கிப்பிகளோடு
ஒரு கறுப்பு மணியும் இருக்கிறது அதில்;
எந்தக் கரையில் சலித்தாரோ.

தில்லைநாயகம் புள்ளி வைப்பதில்லை.
அந்தக் காலத்துக் கை அப்படி.
எது மெய், எது உயிர்மெய்
என்பதெல்லாம் வாசிப்பவர் பாடு.

இருநூற்றுப் பதினாலாம் பக்கம் திரையில் விரிந்தபோது
மென்பொருள் ஓரிடத்தைச் சிவப்பில் வட்டமிட்டது.
*தூசி. நீக்கவா?*
பெரிதாக்கிப் பார்த்தேன்.
தட்டியும் துடைத்தும் போகாத ஒற்றை மணல்,
முப்பத்தொன்றாம் வரியில்,
ர என்ற எழுத்தின் தலைக்கு மேல்
இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

பேர்,
என்று இப்போது சரியாக இருக்கிறது அந்த ஒரு வரியில்.
தெரியாது
என்பது அப்படியே.