அலுமாரிக் கதவின் உட்பக்கம்

அடுத்து வருபவருக்கு:

குளியலறையில், கண்ணாடிக்கு இடப்பக்கம்,
நாலாவது டைலில் துளை போட வேண்டாம்.
உள்ளே தண்ணீர்க் குழாய் போகிறது.
எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்,
கீழ்வீட்டு ஸ்பிண்டன் அம்மாவைக் கேளுங்கள்.
ஒரு மாதம் குடை பிடித்துத்தான்
பல் தீட்டினேன் என்பார்.
கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

கக்கூஸ் தொட்டி இரவில் முனகும்.
மூடியைத் தூக்கிப் பாருங்கள்.
தண்ணீர் வழிவுக்குழாய்வரை ஏறினால்
பிழை மிதவையில்.
ஏறாமலே ஓடிக்கொண்டிருந்தால்
அடி ரப்பரில் சுண்ணாம்பு.
பூர்க்டோர்வ் தண்ணீர், வேறென்ன.
கழற்றி ஒரு இரவு வினிகரில் போட்டால்
மூன்று மாதம் வாய் திறக்காது.

ஒக்டோபரில் ஹீட்டர்
மேலே குளிர்ந்து கீழே சுட்டால்
உள்ளே காற்று நிற்கிறது.
சாவி பின்பக்கம் நூலில் தொங்குகிறது.
கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம்.
சீறும், பிறகு துப்பும்,
பிறகு ஒரே சீராய் ஒழுகும்.
ஒழுகியதும் பூட்டுங்கள்.
வரும் தண்ணீர் கறுப்பு.
வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு செய்யாதீர்கள்.

சிங்க் அடைத்தால்
வாளி முதலில், கை பிறகு.
இந்த வரிசையை நான் மாற்றிய வருடம்
தைப்பொங்கலன்று பொங்கியது
பானை அல்ல.

படுக்கையறை வடக்கு மூலை:
ஜன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு
நாள் முழுக்க வெளியே போனால்
பூஞ்சணம் வாடகை இல்லாமல் குடிவரும்.
அகலத் திறந்து ஐந்து நிமிடம், பிறகு பூட்டு.
பனி கொட்டினாலும்.

இனிச் சுவர்.
முப்பத்தொரு துளை எண்ணினேன்.
கலண்டர், சாமிப்படம்,
ஒரு தட்டுக்கு நாலு,
அதே தட்டு சரிந்தபடியால் இன்னும் நாலு.
சர்வானந்தன் மட்டம் பார்க்கிறவர் அல்லர்,
கண் போதும் என்பார்.
ஒரே தரத்தில் அடைக்கக்கூடாது.
பூச்சு காயக் காய உள்ளே இறங்கும்;
காலையில் பார்த்தால்
சுவர் முழுக்கக் கொப்பூழ்.
இரண்டு தரம், நடுவே ஓர் இரவு.
பிறகு நூற்றியெண்பதாம் நம்பர் காகிதம்,
வட்டமாய், மெல்ல.

வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை என்று
பெயின்ட் வாங்கும்வரை தெரியாது.
பத்தொன்பது வருடத் தாளிதம் ஏறிய வெள்ளை
எந்த டப்பாவிலும் இல்லை.
ஒரு தேக்கரண்டி தேயிலைச் சாயம் கலந்தேன்.
பொருந்தியது.
இதை ஏஷ்லிமனுக்குச் சொல்ல வேண்டாம்.

அவர் நேற்று வந்தார்.
டோர்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்து
ஒவ்வொரு அறையாய்ப் பார்த்தார்.
ஜூனில் இந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள்.
கடிதம் அனுப்பியவரும் அவர்தான்.
"ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
ஒரு துளையும் அகப்படவில்லை.
கையெழுத்து. சாவி. கைகுலுக்கல்.
சமையலறைச் சாவியொன்றை
நான் கொடுக்க மறந்துபோனேன்.
அல்லது மறக்கவில்லை.

அப்படியென்றால்
அடுத்து வருபவர் யார்?
இரவு முழுக்க யோசித்துவிட்டு
இன்று திரும்பி வந்து எழுதுகிறேன்.
கீழே டொச்சிலும் இருக்கிறது,
எழுத்துப் பிழைகளோடு.

சம்மட்டியோடு வருகிறவரே,
அந்த நாலாவது டைலை அடிக்க முன்
நிலவறைக்குப் போங்கள்.
இடமிருந்து மூன்றாம் குழாய், சிவப்புப் பிடி.
வலப்பக்கம், இறுகும்வரை.
பழசு, அடம்பிடிக்கும்.
துணி சுற்றிக் குறடால் திருப்புங்கள்,
வெறுங்கை வழுக்கும்.

கீழே இப்போது யாரும் இல்லை,
தெரியும்.
இருந்தாலும்.