பதினோரு தவணை

அந்த வருடம் புயல்களுக்குப் பெயர் தீர்ந்துபோயிற்று.
வரிசையாய் வைத்திருந்ததெல்லாம் செலவாகி
கடைசியில் வெறும் எழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
ரேடியோவைத் தட்டிக்கொண்டே நஹூன் சிரித்தான்:
"பேரே இல்லாதவனுக்கு
சூலா பள்ளத்தாக்குல நம்ம வீடு எதுன்னு எப்படித் தெரியும்?"

தெரிந்திருந்தது.
இரவு ஒன்றரை மணிக்குச் சமெலெகோன் ஆறு
வாசல் வழியாக வரவில்லை.
குளியலறைச் சாக்கடை ஓட்டையில்
முதலில் ஒரு கொப்புளம்.
பிறகு யாரோ வளர்த்த பன்றிகளின் நாற்றம்.
பிறகு என் செருப்பு
என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிற்று.

பிள்ளைகளை எழுப்புவதற்கு முன்
ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை,
பாதிரியாரிடம்கூட.
பதினோரு தவணை பாக்கி இருந்தது.
ஒரு தவணை என்றால்
ஆலையில் நான் தைக்கும் காலர்களில் நாலாயிரம்,
எந்த நாட்டிலோ எவனெவனோ கழுத்துக்கு.

மின்சாரம் எப்போதோ போய்விட்டது என்பது
வயர் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது
அது மல்லாந்து படுத்து, கொஞ்சம் யோசித்து,
மிதந்தது.
நஹூன் கதவைப் பிய்த்தான்.
பாதி வெங்காயத்தையும் பீன்ஸ் சட்டியையும்
ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு
பால் இருந்த இடத்தில் எலியூவை,
காய்கறித் தட்டில் கால் மடக்கி யெசென்யாவை
வைத்துத் தள்ளினோம்,
ஆளுக்கொரு பக்கம்,
கரைமேடு இருக்கும் என்று நம்பிய திசையில்.

நீலப் பை கட்டிய வாழைத்தார்கள்
தோட்டத்திலிருந்து கூட்டம் கூட்டமாய் எதிரே வந்தன.
ஒன்றின் தோளைத் தொட்டு
"கொஞ்சம் வழி விடுங்க" என்றேன்.

தகரக் கூரைமேல் தொன் க்ளியோஃபாஸ்
சேவலை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.
இடமிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.
வருகிறீர்களா என்று நாங்களும் கேட்கவில்லை.
"சின்னவனுக்குத் தலையை மூடுங்க" என்று மட்டும் கத்தினார்.
மூடினேன்.

அப்போதுதான் எலியூ உள்ளேயிருந்து கேட்டான்:
"அம்மா, கதவு திறந்துதானே இருக்கு,
ஏன் லைட் எரியல?"

நஹூன் முகத்தை ஒருமுறை
முழுதாகத் தண்ணீரில் முக்கி எடுத்தான்.

மூன்றாம் நாள்
சேவலை மட்டும் யாரோ படகில் கொண்டுவந்தார்கள்.
கரைமேட்டில் அத்தனை பேருக்கும் பசி.
ஒருவரும் அதைத் தொடவில்லை.

வடிந்ததும் பன்னிரண்டு நாள் சேறு அள்ளினோம்.
நான்கு வீட்டுக்கு ஒரு மண்வெட்டி.
சுவரில் ஆறு விட்டுப்போன கோட்டை
யெசென்யா தேய்த்துத் தேய்த்து
கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.
படுக்கை விரிப்பை ஜன்னலில் காயப்போட்ட அன்று
ரேடியோ இன்னொரு எழுத்தைச் சொன்னது.
நஹூன் சிரிக்கவில்லை.
துடைப்பத்தைக் கழுவி, கதவோரம் சாய்த்து வைத்தான்,
இரவல் வாங்கியதைத் திருப்பித் தருகிறவன் மாதிரி.

இந்தத் தடவை பகலிலேயே கிளம்பிவிட்டோம்.
ஃப்ரிட்ஜையும் இழுத்துக்கொண்டு.
பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள்;
பிறகு அவர்களில் இருவர் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

டிசம்பரில் கரைமேட்டுக்குத் தவணைக்காரர் வந்தார்.
ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் உறையில் பட்டியல்.
கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் கூரை வரை வந்ததாம்.
"பொருள் வெள்ளத்துல போயிருந்தா
அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு, எழுதிக்கலாம்,"
என்றபடி தார்ப்பாயை விலக்கிக் குனிந்தார்.

கதவில்லாத வெள்ளைப் பெட்டிக்குள்
எலியூ தூங்கிக்கொண்டிருந்தான்.
காலடியில் சேவல், ஒரு கண் திறந்து.

வெகுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார்:
பொருள் உபயோகத்தில் உள்ளது.

நான் கையெழுத்துப் போட்டேன்.