கழிவு

ராயக்கோட்டை தக்காளி மண்டித் தராசில்
பையோடு மிளகை ஏற்றினேன்:
ஏழு கிலோ இருநூறு.
விமானத்தில் ஏழுதான்.

"கிரேடுக்கு ரெண்டு கிலோ கழிவு போடுறோம்,
இதுக்கும் போட்டுக்கம்மா" என்றார் முனிரத்தினம்.
குவாஹாத்தி டிக்கெட்டில் கழிவு ஏது?

கடுகு நாலரைதான். எலும்பும் காதும்.
மிளகுக்குப் பதினைந்து நாள்
பூசணிக்காய், பாதிச் சோறு.
அது பார்க்கிற பார்வைக்கு
என் தட்டிலும் பாதிதான் விழுந்தது.

சாமான் எல்லாம் லாரியில் போனபின்
வெறும் ஹாலில்
ரெண்டும் எதிரொலியோடு சண்டை.

தேவனஹள்ளியில் கவுண்டர் பெண்
தராசைத் தொடவேயில்லை.
"பேர் என்ன?" என்றாள்.
சொன்னேன். சிரித்தாள். சீட்டு ஒட்டினாள்.

மேகத்துக்கு மேலே
அவர் காலடியில் கடுகு, என் காலடியில் மிளகு.
உறுமல் கேட்டுப் பதறி
ஜிப்பை விரல்கடை திறந்தேன்.
தூங்குகிறது.

உறுமியது என் வயிறு.